வேகமும் கூடவில்லை, வலியும் போகவில்லை: 10 கி.மீ. ஓட்டக்காரருக்கு ஒரு பதில்

புதிதாக வாசிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 38. சென்னையில் கணினி முன் உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஒன்றரை வருடமாக வாரம் நான்கு நாள் ஓடுகிறார். 10 கி.மீ. ஓட 65 நிமிடம் ஆகிறது, ஒரு வருடமாக அந்த எண் அசையவே இல்லை. தினசரி ஓட்டம் கி.மீ.க்கு 6:40 (6 நிமிடம் 40 நொடி) முதல் 6:50 வரை. ஞாயிறு லாங் ரன் (வாரத்தின் நீண்ட ஓட்டம்) முடித்தால் செவ்வாய் வரை கெண்டைக்கால் இறுகிக் கிடக்கிறது, படி இறங்கும்போது தொடை வலிக்கிறது. வருகிற ஜனவரியில் 60 நிமிடத்துக்குள் முடிக்க ஆசை. இப்போது ஆகஸ்ட். ஐஸ் குளியல் எடுக்கலாமா, காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் சாக்ஸ் வாங்கலாமா, கார்பன் தகடு வைத்த ஷூ உதவுமா, வாரத்தில் இன்னொரு நாள் இன்டர்வல் (சிறு தூரம் வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி ஓடுவது) சேர்க்கலாமா என்று நான்கு கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: வேண்டாம். உங்கள் எண்களையே எடுத்துப் பாருங்கள். 65 நிமிடம் என்றால் கி.மீ.க்கு 6:30. பந்தயத்தன்று முழு மூச்சைக் கொடுத்து ஓடுகிற வேகம் அது. ஒரு சாதாரண வியாழக்கிழமை காலையில் நீங்கள் ஓடுவதோ 6:45. இரண்டுக்கும் நடுவே வெறும் 15 நொடி. வாரம் நான்கு நாளும் ஏறக்குறையப் பந்தயம்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். உடம்பு தேறி எழுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. நிஜமாகவே வேகமாக ஓட வேண்டிய நாளில் காலில் தெம்பு இருப்பதில்லை. வேகத்துக்கு ஷூ, வலிக்கு ஐஸ் என்று தனித்தனியாக மருந்து தேடுகிறீர்கள். இரண்டுக்கும் வேர் அந்த 15 நொடியில்தான் இருக்கிறது.

உங்கள் லேசான ஓட்டம் கி.மீ.க்கு 7:30 முதல் 8:15 வரை இருக்க வேண்டும். படித்ததும் சிரிப்பு வரும், தெரியும். விறுவிறுவென்று நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம் அது. எலியட்ஸ் பீச்சில் வாக்கிங் வந்த பெரியவர் பக்கத்திலேயே வருவார். ஓட்டத்தைப் பதிவிடும் ஸ்ட்ராவா செயலியில் அந்த எண்ணைப் பார்த்தால் நண்பர்கள் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால், அமெச்சூர் ஓட்டக்காரர்களின் வேகத்தைக் கெடுப்பதில் இந்தக் கூச்சத்துக்குத்தான் முதலிடம்.

லேசான ஓட்டம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வாட்ச் வேண்டாம். கூட ஓடுகிறவரிடம் நேற்று ஆபீஸில் நடந்த கதையை முழு வாக்கியங்களில் சொல்லிக்கொண்டே ஓட முடிய வேண்டும். "ஆமா", "ம்", "சரி" என்று பேச்சு சுருங்கினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். தனியாக ஓடுகிறீர்களா? நான்கு வரிப் பாட்டு ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சு திணறக் கூடாது. இதயத் துடிப்புக் கணக்கை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். 220-இல் வயதைக் கழிக்கும் சூத்திரப்படி உங்கள் உச்சத் துடிப்பு 182. ஆனால் அது சராசரிக் கணக்கு. தனி மனிதருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 10, 12 துடிப்பு எளிதாக மாறும். போதாததற்கு, மணிக்கட்டு வாட்ச் பல நேரம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். லேசாக ஓடும்போதே 170 என்று காட்டினால் பயப்படாமல் வாட்சைச் சந்தேகியுங்கள். துல்லியம் வேண்டுமென்றால் மார்பில் கட்டும் பட்டைதான்.

மெதுவாக ஓடினால் எப்படி வேகம் வரும் என்பது நியாயமான கேள்வி. 10 கி.மீ. ஓட்டத்துக்கான சக்தியில் மிகப் பெரும் பங்கு ஆக்ஸிஜனை வைத்துத் தயாராவது. இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, தசைக்குள் நுண் ரத்தக் குழாய்கள் எவ்வளவு அடர்த்தி, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. இவை எல்லாம் வளர்வது நேரத்துக்கு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில், அலுக்காமல் கொடுக்கிற நேரத்துக்கு. 6:45-இல் ஓடினாலும் இதே வளர்ச்சி கிடைக்கும், ஆனால் அதற்குக் கொடுக்கும் களைப்பு மிக அதிகம். அதனால் வாரத்துக்கு 25 கி.மீ.க்கு மேல் உங்களால் ஏற முடிவதில்லை. 7:45-இல் ஓடினால் அதே உடம்பு 35 கி.மீ.யைத் தாங்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன் ஓட்டக்காரர்களை, 800 மீட்டர் ஓடுகிறவர் உட்பட, வாரம் 100 மைல் ஓடவைத்தார். ஞாயிறுதோறும் ஆக்லாந்துக்கு மேற்கே மலைப்பாதையில் 22 மைல். 800 மீட்டர் ஓடுகிறவனுக்கு இது எதற்கு என்று கேலி செய்தவர்கள் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வென்றார். அதே நாளில் இன்னொரு மாணவர் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம். ஸ்னெல் 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டையும் எடுத்தார். பிற்காலத்தில் நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் ஸைலர் என்ற உடலியங்கியல் ஆய்வாளர், துடுப்புப் படகு, பனிச்சறுக்கு, ஓட்டம் என்று உச்சத்தில் இருப்பவர்களின் பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்தபோது, சுமார் 80 சதவீதப் பயிற்சி லேசானதாகவே இருந்தது. 2022 பெர்லினில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே மாரத்தானை 2:01:09-இல் முடித்தார். அந்தப் பந்தய வேகம் கி.மீ.க்கு 2:52. அவருடைய லேசான ஓட்டமோ 4 நிமிடத்துக்கும் மேல். அவருக்கே ஒரு நிமிடத்துக்கு மேல் இடைவெளி வேண்டியிருக்கிறது, நீங்கள் 15 நொடியில் சமாளிக்கப் பார்க்கிறீர்கள்.

80:20 என்ற கணக்கை மட்டும் அப்படியே பிடித்துத் தொங்க வேண்டாம். அது வாரம் பத்துப் பன்னிரண்டு தடவை ஓடுகிறவர்களுடையது. நான்கு நாள் ஓடுகிறவருக்கு மூன்று லேசு, ஒன்று கடினம். அவ்வளவுதான்.

சென்னைக்கென்று ஒரு தொல்லை தனியாக இருக்கிறது. வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை, ஆவியானால்தான் குளிரும். கடற்கரைக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் அதிகாலையில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே திரும்பும், தசைக்குப் போவது குறையும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும். ஜனவரி விடியலில் 22 டிகிரி, மே மாத விடியலில் 28. ஒரே உழைப்புக்கு இரண்டிலும் ஒரே பேஸ் (கி.மீ.க்கு ஆகும் நேரம்) வராது. மே, ஜூனில் "வேகம் குறைந்துவிட்டது" என்று என்னிடம் புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்கு நான் சொல்வது, காலண்டரைப் பாருங்கள் என்பதுதான். ஆகஸ்டிலும் பேஸைத் துரத்தாதீர்கள், மூச்சைக் கவனியுங்கள். வெப்பத்தில் இரண்டு வாரம் நிதானமாக ஓடினால் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடி உடம்பு பழகும். அந்த லாபம் குளிர்ந்த நாளிலும் கொஞ்சம் கைகொடுக்கும்.

இனி வாரக் கணக்கு. செப்டம்பர் முடியும் வரை செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு நான்குமே லேசான ஓட்டம். செவ்வாயும் வியாழனும் 6 முதல் 8 கி.மீ., சனி 5, ஞாயிறு 12-இல் தொடங்கி மெதுவாக 15, 16 வரை. மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் மொத்தத்தில் கால்பங்கைக் குறையுங்கள். இந்த நான்காவது வாரத்தைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று. நன்றாக இருக்கும்போதே குறைத்தால்தான் தொடர்ந்து நன்றாக இருக்கலாம்.

செவ்வாய் ஓட்டத்தின் முடிவில் ஸ்ட்ரைட்ஸ் சேருங்கள். விளக்குக் கம்பம் ஒன்றிலிருந்து இரண்டு மூன்று கம்பம் தள்ளி, சுமார் 80 மீட்டர். தூரத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கில் வேகத்தை ஏற்றுங்கள், நடுவில் அதைப் பிடித்துவையுங்கள், கடைசியில் தானாக அடங்கவிடுங்கள். மொத்தம் 20 நொடி. தோள் இறங்கி, தாடை தளர்ந்து, கால் உடம்புக்கு அடியில் விழ வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் அது ஸ்ட்ரைட் ஆகாது. பிறகு மூச்சு முழுதாக அடங்கும் வரை நடை. இப்படி ஐந்து அல்லது ஆறு. களைப்பே சேராமல் கால் வேகத்தை மறக்காமல் இருக்கும்.

அக்டோபர் முதல் வியாழக்கிழமையை மட்டும் கடினமாக்குவோம். ஒரு வாரம் டெம்போ: 2 கி.மீ. லேசு, பிறகு 8 நிமிடம் உறுதியான வேகம் மூன்று முறை, நடுவில் 2 நிமிட நடை. டெம்போ என்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வேகம். 10 கி.மீ. ஓட உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவதால், உங்களுக்கு அது பந்தய வேகத்தை ஒட்டியே வரும், 6:25 முதல் 6:30 வரை. 45 நிமிடத்தில் முடிக்கிறவர்களுக்கு எழுதிய திட்டத்தைப் பார்த்து "10 கி.மீ. வேகத்தைவிட 15 நொடி மெதுவாக" என்று நீங்கள் ஓடினால், மறுபடி அதே 6:45-இல் போய் நிற்பீர்கள்.

மறு வாரம் இன்டர்வல்: 400 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றும் 2:22 முதல் 2:25 வரை, இடையே 90 நொடி நடையோ மெல்லோட்டமோ. எட்டாவது முதலாவதைப் போலவே இருக்க வேண்டும். முதல் மூன்றை 2:05-இல் பறந்து முடித்துவிட்டு ஏழாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காட்சியை ஒவ்வொரு டிராக்கிலும் பார்க்கலாம். 1952 ஹெல்சிங்கியில் 5000, 10000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் எடுத்த எமில் சாட்டோபெக் 400 மீட்டர்களை அள்ளி அள்ளி ஓடியவர் என்பது உண்மைதான். அவருடைய மற்ற கிலோமீட்டர்களும் உங்களிடம் இருந்தால் அவரைப் பின்பற்றலாம்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டு தெருவில் தண்ணீர் நின்றால் ஓட்டத்தை விடுங்கள், திறந்த மேன்ஹோலோடு விளையாட வேண்டாம். டிரெட்மில் இருந்தால் அதில் ஓடுங்கள். இல்லையென்றால் அந்த நாளைக் கணக்கில் எடுக்காதீர்கள். அடுத்த நாள் இரட்டிப்பாக ஓடி ஈடுகட்டுவதுதான் ஆபத்து.

வலிக்கு வருவோம். ஞாயிறு ஓடி செவ்வாய் வரை இருக்கும் வலிக்கு லாக்டிக் அமிலத்தைப் பழி சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் ரத்தத்திலிருந்து ஏறக்குறைய வடிந்துவிடும். இரண்டு நாள் வலி தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய உடம்பு கிளப்பும் அழற்சியும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கும். தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும்போது சேதம் அதிகம். படி ஏறுவதைவிட இறங்கும்போது தொடை கத்துவது அதனால்தான், மேம்பாலத்தில் இறங்கி ஓடிய மறுநாள் அதிகம் வலிப்பதும் அதனால்தான். லாங் ரன்னை 7:45-க்குக் கொண்டுவந்தாலே இதில் பாதி குறைந்துவிடும்.

ஐஸ் குளியல் வலி உணர்வைக் கொஞ்சம் குறைக்கும். பந்தயம் முடிந்த அன்று வேண்டுமானால் ஆசைக்கு எடுங்கள். ஆனால் எடைப்பயிற்சி செய்த பிறகு வழக்கமாக எடுத்தால் தசை வளர்ச்சியைத் தடுக்கிறது. காயத்துக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்திவைத்தல் என்ற புகழ்பெற்ற சூத்திரத்தை 1978-இல் எழுதிய மருத்துவர் கேப் மிர்கினே பின்னாளில், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். கம்ப்ரஷன் சாக்ஸ் சிலருக்கு இதமாக இருக்கும், வேகம் தராது. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட யாராவது இருந்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள், சுகமாக இருக்கும். நின்றுகொண்டு இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் மறுநாள் வலியை அவ்வளவாகக் குறைப்பதில்லை. கார்பன் ஷூ உங்கள் வேகத்தில் தரும் லாபம் சிறிது, விலையோ பல ஜோடிகளில் இருபதாயிரத்தைத் தொடும். அந்தப் பணத்துக்குச் சாதாரண நல்ல ஷூ இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். லாங் ரன்னுக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது இரட்டை அடி.

உண்மையில் உடம்பைத் தேற்றுவது தூக்கமும் சாப்பாடும். நான்கரைக்கு எழுந்து ஓட வேண்டுமென்றால் ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். வெளிநாட்டு டீமோடு இரவு பதினொன்று வரை போனில் பேசுகிற நாளின் மறுகாலை அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குங்கள், மாலையில் ஓடலாம். ஐந்து மணி நேரத் தூக்கத்தில் ஓடும் 400 மீட்டர்களால் பெரிய பயன் இல்லை.

சாப்பாட்டில் நம்மவர்களுக்கு மாவுச்சத்து குறையாது, புரதம்தான் குறையும். நான்கு இட்லியும் சட்னியும் சாப்பிட்டு எழுந்தால் புரதம் போதாது. ஓடிய ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 25 கிராம் புரதம் வரட்டும். முட்டை ஒன்றில் 6 கிராம். இரண்டு முட்டை, கெட்டியான சாம்பார், ஒரு கப் சுண்டல், ஒரு டம்ளர் பால் என்று சேர்த்தால் ஆகிவிடும். 70 கிலோ எடைக்கு நாள் முழுவதும் 100 கிராமை ஒட்டி இருந்தால் நல்லது. ஓடும்போது உறிஞ்சும் மாவுச்சத்துக் கூழான ஜெல் உங்களுக்கு 10 கி.மீ.யில் தேவையே இல்லை. 90 நிமிடம் தாண்டும் ஞாயிறுகளில் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து போதும், பெரிய வாழைப்பழம் ஒன்றில் கிடைத்துவிடும். கடலை மிட்டாயை ஓடிக்கொண்டே கடிக்க முயலாதீர்கள், புரையேறும்.

தண்ணீரை அளந்து குடியுங்கள். ஒரு ஞாயிறு ஓடும் முன்பும் பின்பும் ஈர உடையைக் களைந்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால், வழியில் குடித்தது போக இன்னும் ஒரு லிட்டர் பாக்கி. அதை உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சை ஜூஸ், ஓ.ஆர்.எஸ். என்று அடுத்த சில மணி நேரத்தில் ஈடுகட்டுங்கள். எடை கூடியிருந்தால் அது அபாயம். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது, அதிகம் குடித்து எடை கூடியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

கெண்டைக்கால் இறுக்கத்துக்குத் தனியாக ஒரு வேலை. வீட்டுப் படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக் காலின் முன்பாதத்தை மட்டும் வைத்து, கிரில்லை விரலால் தொட்டபடி, இரண்டு எண்ணிக்கையில் குதிகாலை உயர்த்தி மூன்று எண்ணிக்கையில் படிக்குக் கீழே இறக்குங்கள். முழங்கால் நேராக இருக்கட்டும். 25 வருகிறதா பாருங்கள். நாள் முழுதும் நாற்காலியில் இருப்பவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டிலேயே நடுங்கும். இறுக்கம் என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் பலக்குறைவு. அடுத்த செட்டில் முழங்காலை லேசாக மடக்கிச் செய்யுங்கள், உள்ளே இருக்கும் தசைக்கு வேலை போகும். வாரம் இரண்டு நாள், கூடவே ஸ்குவாட், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் ஒற்றைக்கால் பிரிட்ஜ். இருபது நிமிடம் போதும். இதை வியாழன் மாலையிலும் திங்களன்றும் வையுங்கள், லாங் ரன்னுக்கு முந்தைய நாள் வேண்டாம்.

இரண்டு காலிலும் பரவலாக இருந்து, நடக்க நடக்கக் குறையும் வலியோடு லேசாக ஓடலாம். எலும்பின் மேல் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுளீரென்று இருந்து, ஓட ஓடக் கூடினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஒரே கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால், அதுவும் நீண்ட பயணத்துக்குப் பிறகு என்றால், அன்றே காட்டுங்கள். மார்பில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் காத்திருக்கவே கூடாது. 38 வயதில் கடின ஓட்டம் தொடங்கும் முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, ஹீமோகுளோபின் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வீட்டில் இளவயதில் மாரடைப்பு வந்தவர் இருந்தால் இதய மருத்துவரையும் பாருங்கள்.

டிசம்பர் நடுவில், இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு 5 கி.மீ. முழு வேகத்தில் ஓடிப் பாருங்கள். 28:45-க்குள் வந்தால் 60 நிமிடம் உங்கள் கையில். பந்தயத்தில் முதல் இரண்டு கி.மீ.யை 6:05-இல் வையுங்கள். கூட்டத்தின் உற்சாகத்தில் வாட்ச் 5:35 என்று காட்டும், நம்பிப் போய்விடாதீர்கள். மூன்றாவதிலிருந்து 6:00, கடைசி மூன்றில் மிச்சமிருப்பதைச் செலவழியுங்கள். 5 கி.மீ.க்கு 30 நிமிடம் ஆகிவிட்டதா? ஜனவரிக்கு 62:30 என்று வைத்துக்கொண்டு 6:15-இல் தொடங்குங்கள், 60-ஐ அடுத்த பந்தயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.